எடைமேடையில் ஏறிய டர்பைன்

எங்கள் ஊருக்கு அருகிலிருந்த செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் ஓர் எடைமேடை இருந்தது. பழக்குலை ஏற்றி வரும் ஒவ்வொரு லோரியும் உள்ளே நுழையும்போது ஒரு முறையும் வெறுமையாக வெளியேறும்போது ஒரு முறையும் அதன்மேல் ஏறி நிற்கும். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடுதான் தோட்டக்காரருக்குச் சேரவேண்டிய கூலி என்பதால், பத்துக் கிலோ குறைந்தாலும் சிறுதோட்டக்காரர் எடை எழுதும் கிராணியின் சன்னலருகே நின்று காரணம் கேட்பார். அந்த ஆலை மூடப்பட்டு, அதன் நீராவி டர்பைனை இந்தியாவின் ஆந்திரப் பகுதியில் செம்பனை ஆலை நடத்தும் ஒருவர் விலைபேசியபோது, அதைக் கப்பலில் அனுப்பும் வேலை எனக்கு வந்தது. நான் முதலில் கேட்ட கேள்வி, "இதன் எடை எவ்வளவு?" என்பதுதான். ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து விடைகள் கிடைத்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஆலைக்கு மின்சாரம் தந்த இயந்திரத்தை ஒருவரும் ஒரு முறையும் நிறுத்துப் பார்த்ததில்லை.

நான் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் எங்கள் தலைமுறையினருக்கு ஊர் விளங்கும். மலாயாவில் வணிக நோக்கோடு முதன்முதலில் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊரையொட்டித்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917-இல் அதைத் தொடங்கினார். தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டம் செம்பனைக்கு வழிகாட்டியாக அமைந்ததை எண்ணி நான் சிறுவயதில் வியந்ததுண்டு. என் தந்தை ஆலை ஒன்றில் ஃபிட்டராகப் பணிசெய்து ஓய்வுபெற்றவர். நான் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெட்டிகளில் அடுக்கப்படும் சிறு சரக்குகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; பெட்டிக்குள் அடங்காத இயந்திரங்கள் என் மேசைக்கு வரும்.

எடையைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தாண்டுகளுக்கும் முன்பு, பழத்திலிருந்து எண்ணெய் பிழியும் இரண்டு திருகு அழுத்திகளையும் அவற்றுக்கு உபரியாக ஒரு கியர்பெட்டியையும் 20 அடிக் கொள்கலனில் ஏற்றிச் சுமத்ராவின் சிறு துறைமுகம் ஒன்றுக்கு அனுப்பினோம். விற்றவர் தந்த விலைப்பட்டியலில் 14 டன் என்று இருந்தது. நான் அதை அப்படியே எடுத்துக் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பும் ஆணையில் எழுதிக் கையொப்பமிட்டேன். இங்கே துறைமுகத்தின் பெரிய கிரேனுக்கு ஆறு டன் கூடுதல் என்பது ஒரு பொருட்டல்ல, ஏற்றிவிட்டார்கள். அங்கே, வாங்கியவர் தாளிலிருந்த எண்ணை நம்பி அதற்கேற்ற சிறு கிரேனை வாடகைக்கு அமர்த்தியிருந்தார். பெட்டி லோரியிலிருந்து எழுந்து பக்கவாட்டில் திரும்பியபோது கிரேனின் பின்கால்கள் தரையைவிட்டு எழும்பின. ஓட்டுநர் பதறாமல் சட்டென்று பெட்டியை இறக்கியதால் கிரேன் கவிழவில்லை. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியது. உள்ளேயிருந்த கியர்பெட்டியின் வார்ப்பு விரிசல் கண்டது. பெட்டியைக் கயிற்றால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார் என்று பின்னர் தொலைபேசியில் சொன்னார்கள். விரிசல் விட்ட கியர்பெட்டிக்கு யார் பணம் தருவது என்ற வழக்காடல் மாதக்கணக்கில் நீண்டது. எனக்கு அந்த மூன்றடிதான் இன்றும் நினைவில் நிற்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே இருந்தது என் கையொப்பம்.

இது எங்கள் அலுவலகத்தோடு நின்ற குறையன்று. 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நப்போலி என்ற கொள்கலன் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் பிளந்தது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். கப்பல் இங்கிலாந்தின் தென்கரையில் மணல்தட்ட விடப்பட்டது. மேல்தளத்தில் நனையாமல் தப்பிய ஏறத்தாழ 660 கொள்கலன்களைப் பிரித்தானியக் கடல் விபத்துப் புலனாய்வாளர்கள் நிறுத்துப் பார்த்தபோது, அவற்றுள் 137 கொள்கலன்களின் எடை தாளில் சொன்னதிலிருந்து மூன்று டன்னுக்கும் மேல் மாறுபட்டிருந்தது. ஒரு பெட்டியில் மட்டும் வேறுபாடு 20 டன். அந்த 137 பெட்டிகளும் சேர்ந்து, அறிவித்ததைவிட 312 டன் அதிகம் இருந்தன. கப்பல் பிளந்ததற்கு எடை ஒன்றே காரணமென்று புலனாய்வாளர்கள் சொல்லவில்லை. எந்திர அறைப் பகுதியில் கப்பலின் உடல் போதிய வலுவோடு இல்லை என்பதே முதன்மையான காரணம். ஆனால் ஐந்தில் ஒரு பெட்டி பொய் எடையோடு கடலில் போனது என்பதை அந்த ஆய்வு எண்களோடு காட்டிவிட்டது.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கையில், கொள்கலனின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைச் சொல்லாமல் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற விதி 2016 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. எங்கள் தொழிலில் அதை வி.ஜி.எம். என்போம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. சரக்கை ஏற்றி முடித்த கொள்கலனை முழுமையாக நிறுப்பது ஒன்று. உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும், தாங்குமரத்தையும், கட்டும் சங்கிலியையும் தனித்தனியே நிறுத்துக் கொள்கலனின் வெற்றெடையோடு கூட்டுவது மற்றொன்று. இரண்டிலும் ஊகத்துக்கு இடமில்லை. தயாரிப்பாளரின் பழைய கையேட்டிலுள்ள எண்ணை எடுத்து எழுதுவதும் ஊகம்தான் என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் கையேடு அச்சானபோது இருந்த இயந்திரமும் இருபது ஆண்டு ஆலையில் ஓடிய இயந்திரமும் ஒன்றல்ல.

டர்பைனின் கையேடு 13 டன் என்றது. டர்பைன், வேகத்தைக் குறைக்கும் கியர்பெட்டி, மின்னாக்கி மூன்றும் ஒரே இரும்புச் சட்டத்தின்மேல் பொருத்தப்பட்ட தொகுதி அது. பிற்காலத்தில் பழைய மின்னாக்கியை அகற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதும், அதற்காகச் சட்டத்தின் அடியில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்திருக்கிறார்கள் என்பதும், என் தந்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு அழைத்துச் சென்று காட்டியபோதுதான் தெரிந்தது. அவர் சட்டத்தின் கீழே குனிந்து பார்த்து, வெல்டிங் தடம் வேறு கையுடையது என்றார். அப்போதுதான், இத்தனை நாள் பழக்குலையை நிறுத்த அதே எடைமேடையிலேயே இதையும் நிறுத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின்கீழ் முறையாகச் சோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட்ட மேடை அது. முத்திரையின் காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

மேடையின் நீளத்துக்குள் அடங்கும் டிரெய்லர் ஒன்றை வரவழைத்து, வெறுமையாக நிறுத்து, பிறகு இயந்திரத்தை ஏற்றி நிறுத்தோம். 17,640 கிலோ. கையேட்டின் எண்ணைவிட நாலரை டன்னுக்கும் மேல் கூடுதல். சீட்டை அச்சிட வந்த கிராணி, கணினியில் சரக்கின் பெயரை எழுத இடமில்லை என்றும், பட்டியலில் பழக்குலை, எண்ணெய், விதைப்பருப்பு ஆகிய மூன்று மட்டுமே இருப்பதாகவும் சொன்னார். சீட்டில் பழக்குலை என்றே அச்சாயிற்று. அதன்மேல் கையால் "டர்பைன் தொகுதி" என்று எழுதி ஆலையின் முத்திரையை இட்டுத் தந்தார்.

எடை தெரிந்தால் மட்டும் போதாது; அந்த எடை இயந்திரத்தின் எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மின்னாக்கி இருக்கும் பக்கம் கனம் அதிகம் என்பதால், நீளத்தின் நட்ட நடுவில் கொக்கியை நிறுத்தித் தூக்கினால் டர்பைன் பக்கம் மேலே எழும்பித் தொகுதி சரியும். என் தந்தை சங்கிலி பிளாக்கால் தூக்கிய காலத்தில் கற்ற முறை ஒன்றைச் சொன்னார்: "ஓர் அங்குலம் தூக்கு, நிறுத்து, சுற்றி வந்து பார், எந்தப் பக்கம் முதலில் எழும்புகிறதோ அந்தப் பக்கம் கொக்கியை நகர்த்தாதே, கனமான பக்கம் நகர்த்து." அவ்வாறே இரண்டு முறை இறக்கி, மூன்றாம் முறை நான்கு மூலைகளும் ஒருசேர எழும்பின. அந்த நிலையில் கொக்கிக்கு நேர் கீழே சட்டத்தின் இருபுறமும் மஞ்சள் வண்ணத்தில் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, தூக்க வேண்டிய இடங்களில் சங்கிலிக் குறியையும் இட்டோம். நடுவிலிருந்து 46 சென்டிமீட்டர் தள்ளியிருந்தது அந்தக் கோடு. அங்கே இறக்கப்போகும் கிரேன் ஓட்டுநரை நான் பார்க்கப்போவதில்லை; அவருடைய மொழியும் எனக்குத் தெரியாது. கோடு அவருக்குப் புரியும்.

வாங்கியவர் முதலில் டர்பைனோடு கொதிகலனையும் பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் நீண்ட உருளையையும் கேட்டிருந்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. 1923-ஆம் ஆண்டிலேயே கொதிகலன்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய நாடு இந்தியா. வேற்றுநாட்டில் ஓடிய பழைய கொதிகலனைக் கொண்டுபோய் அங்கே பதிவுசெய்ய ஆகும் செலவும் காலமும் புதியதன் விலையை நெருங்கிவிடும் என்று அவரே கணக்கிட்டுக் கைவிட்டார். உருளையோ 12 மீட்டரைத் தாண்டிய நீளம். அதைக் கொள்கலனில் அடக்க வழியில்லை. தனிச் சரக்காக, டன்னும் கன மீட்டரும் எது அதிகமோ அதற்கு வாடகை என்ற கணக்கில் போக வேண்டும். உள்ளே காற்றை மட்டுமே கொண்ட உருளைக்குக் கன மீட்டர்க் கணக்கு மிகக் கொடியது. அது பழைய இரும்பாக விற்கப்பட்டது.

டர்பைனுக்கு 20 அடி ஃபிளாட் ரேக்கைத் தேர்ந்தோம். கூரையும் பக்கச் சுவர்களும் இன்றி, தளமும் இரு முனைகளில் மட்டும் சுவர்களும் உடைய கொள்கலன் அது. மேலிருந்து கிரேனால் இறக்கலாம், பக்கவாட்டில் கட்டலாம். தொகுதியின் அகலம் தளத்துக்குள் அடங்கியது. உயரம் அடங்கவில்லை, நீராவி வால்வும் அதன் வளைகுழாயும் முனைச் சுவர்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டால் அதன்மேல் வேறு பெட்டியை வைக்க முடியாது. கப்பல் நிறுவனம் அந்த வெற்றிடத்துக்கும் வாடகை கேட்கும். இரண்டு நாள் செலவிட்டு வால்வையும் குழாயையும் கழற்றி மரப்பெட்டியில் வைத்து, அதே தளத்தில் ஏற்றினோம். கழற்றிய ஒவ்வோர் இணைப்பிலும் எண் பொறித்து, நிழற்படம் எடுத்து, திறந்த வாய்களை எஃகுத் தகடும் ரப்பரும் வைத்து மூடினோம்.

சுழலும் இயந்திரத்தைக் கடலில் அனுப்புவோர் பலர் மறந்துவிடுவது அதன் தாங்கிகளை. கப்பலின் எந்திர அதிர்வில், ஓடாமல் நிற்கும் ரோட்டர் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நுண்ணியதாகத் தட்டிக்கொண்டே இருக்கும். உருளும் தாங்கிகளில் அது தடத்தையே பதித்துவிடும். ஆகவே ரோட்டரை நீளவாக்கில் அசையாதபடி பூட்டினோம். எண்ணெயை முழுதும் வடித்து, துரு தடுக்கும் எண்ணெயை உள்ளே பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை வைத்து, மொத்தத்தையும் துரு தடுக்கும் தாளாலும் அதன்மேல் சூட்டில் சுருங்கும் உறையாலும் போர்த்தினோம். கப்பல் நிறுவனத்திடம் கீழ்த்தளத்தில் வைக்கும்படி எழுதிக் கேட்டோம். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எழும் காலம். எங்கள் சரக்கு போனது அதற்கு முன்னர்.

கட்டுவதைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். சரக்குகளைக் கொள்கலனில் அடுக்குவதற்கான ஐ.நா. அமைப்புகளின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை, அலையுயரம் 12 மீட்டரைத் தாண்டக்கூடிய கடல்களில் பக்கவாட்டு விசையைச் சரக்கின் எடையில் 0.8 பங்கு என்று கொள்ளச் சொல்கிறது. 17.64 டன்னுக்கு அது 14 டன்னுக்கும் மேல். வங்கக் கடலுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும். நான் கூடியதையே எடுத்துக்கொண்டேன். அதே தொகுதியை 13 டன் என்று நம்பியிருந்தால் 10.4 டன்னுக்குத்தான் சங்கிலி போட்டிருப்பேன். எடையில் சொன்ன பிழை சங்கிலியிலும், தாங்குமரத்திலும், கிரேனிலும், கப்பலின் சமநிலையிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகிக்கொண்டே போகும். இரும்புத் தளத்தின்மேல் இரும்புச் சட்டம் வழுக்கும் என்பதால் இடையில் ரப்பர் விரிப்பு இட்டோம். கனம் தளத்தின் ஒரே இடத்தில் இறங்காமல் பரவ இரண்டு இரும்பு பீம்களை நீளவாக்கில் வைத்தோம். இயந்திரம் 17,640, பீம்கள் 900, மரமும் மரப்பெட்டியும் வால்வுமாகச் சேர்த்து 1,180, சங்கிலிகளும் இறுக்கிகளும் 260, ஃபிளாட் ரேக்கின் வெற்றெடை 2,740. கூட்டினால் 22,720 கிலோ. வால்வை முதலில் இயந்திரத்தோடு சேர்த்து நிறுத்துவிட்டோமா, தனியே நிறுத்தோமா என்ற ஐயம் ஒருவருக்கு எழுந்ததால் எடைச் சீட்டின் நேரத்தையும் நிழற்படத்தின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கழற்றிய பிறகே நிறுத்திருந்தோம்.

தாள்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கவை இரண்டு செய்திகள். முதலாவது, சுங்கக் குறியீடு. நீராவி டர்பைன் தனியே போனால் 8406 என்ற தலைப்பில் வரும். மின்னாக்கியோடு ஒரே சட்டத்தில் தொகுதியாகப் போனால் 8502. விற்றவரின் பட்டியலில் முதலாவது எண்தான் இருந்தது. ஏற்றுமதிக்கான கே2 சுங்கப் படிவத்தை நிரப்பும் முன்பே திருத்தினோம். இரண்டாவது, பிறப்பிடம். ஆசியான்-இந்தியத் தடையற்ற வாணிப உடன்பாட்டின்கீழ் வரிச்சலுகை பெற, பிறப்பிடத்துக்குச் சான்றான ஏ.ஐ. படிவம் வேண்டுமென்று வாங்கியவர் கேட்டார். இயந்திரம் இங்கே இருபது ஆண்டுகள் உழைத்திருந்தாலும் அது மலேசியாவில் பிறந்ததாகாது. எங்கே உருவாக்கப்பட்டதோ அதுவே அதன் நாடு. ஜப்பானில் செய்த டர்பைனுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதை விலை முடியும் முன்பே சொன்னது நல்லதாயிற்று. பழைய இயந்திரம் என்பதால் அதன் வயது, நிலை, மதிப்பு குறித்துச் சார்ட்டர்ட் எஞ்சினியர் எனப்படும் பட்டயப் பொறியாளரின் சான்றும் இந்தியச் சுங்கத்துக்கு வேண்டியிருந்தது. தாங்குவதற்கும் பெட்டிக்கும் பயன்படுத்திய மரங்கள் யாவும், பூச்சி பரவாதிருக்க நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்து, அதற்கு அடையாளமான கோதுமைக் கதிர் முத்திரை பெற்றவை.

காப்புறுதியில் வாங்கியவர் மலிவான சி பிரிவை எடுக்கவிருந்தார். தீ, மூழ்கல், மோதல் போன்ற பேரிடர்களுக்குத்தான் அது உதவும். ஏற்றும்போது கொக்கி நழுவினால் உதவாது. அதையும் தழுவும் ஏ பிரிவை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்.

ஃபிளாட் ரேக்கை ஆலைக்கே கொண்டுவந்து ஏற்றி, கட்டி முடித்து, ஈஜோக் வழியாகக் காப்பாரைக் கடந்து கிள்ளான் துறைமுகம் சேர்த்தோம். சாலையில் நெரிசல் இல்லாத விடியற்காலையில் புறப்பட்டதால் இரண்டு மணி நேரத்துக்குள் வாயிலை அடைந்துவிட்டோம். 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் திறக்கப்பட்டு 1972-இல் பெயர் மாறிய இந்த இடத்தின் வழியாகத்தான், சிலாங்கூர்த் தோட்டங்களின் ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களுள் பெரும்பகுதி ஒரு காலத்தில் உள்ளே வந்தது. வாயிலில் துறைமுகத்தின் எடைமேடை எங்கள் எண்ணிலிருந்து 60 கிலோ வேறுபட்டது. சென்னையில் இறங்கிய பிறகு அங்கிருந்த முகவரும் அவர்கள் நிறுத்த எண்ணை அனுப்பினார். அது இன்னும் நெருக்கமாக இருந்தது.

ஐந்து வாரங்கள் கழித்து வாங்கியவரின் பொறியாளர் ஒரு நிழற்படம் அனுப்பினார். புதிய அடித்தளத்துக்கு மேலே தொகுதி அரையடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உறை கிழிக்கப்பட்டு மஞ்சள் கோடு வெளியே தெரிகிறது. அன்று மாலை வீட்டுத் திண்ணையில் அதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, டர்பைனைப் பார்க்காமல் கொக்கியிலிருந்து இறங்கும் சங்கிலிகள் நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கொக்கி கோட்டுக்கு நேரே நிற்குது" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.